கோழித் தொண்டையில் சுரங்கப் பேய்

இருநூறு அடி தோண்டிப் பழுப்பு நிலக்கரி எடுக்கிற ஊரில், ஓரங்குலம்கூடத் தோண்டாமல் பேய் எடுத்தார் ஒருவர். அதுவும் எங்கிருந்து? கோழியின் தொண்டையிலிருந்து!

நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிக் கான்ட்ராக்ட் ஆட்கள் குடிசை போட்டிருந்த பகுதியில், அந்த மார்கழியில் கோழிகளுக்கெல்லாம் சீக்கு. மூக்கு ஒழுகியது. கண் வீங்கியது. மூச்சு விட்டால் தொண்டையில் 'கொர் கொர்' என்று சத்தம். கோழிக்குச் சளி என்று சொன்னால் யார் கேட்பார்கள்? பேய் என்று சொன்னார் மூச்சுச் சித்தர். முந்நூறு பேர் திரண்டுவிட்டார்கள்.

சுரங்கம் தோண்டியபோது கோயிலை இழந்த காட்டேரி ஒன்று, போக்கிடம் இல்லாமல் கோழித் தொண்டையில் குடியேறிவிட்டதாம். மனிதர்கள் எழுதிப்போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தும் கிடைக்காத குவார்ட்டர்ஸ், பேய்க்கு மட்டும் உடனே அலாட் ஆகிவிட்டது பாருங்கள்!

காலையில் முந்திரி மரத்தடியில் சித்தர் மௌனமாக அமர்வார்; எது கேட்டாலும் கையைத்தான் காட்டுவார். அவருக்குப் பதிலாகச் சீடன் தெய்வசிகாமணி பேசுவான். சீக்குக் கோழியின் அலகைப் பிளந்து, மூங்கில் குழலை வைத்து, சித்தர் கன்னம் குழிய உறிஞ்சுவார். பிறகு 'த்தூ' என்று துப்புவார். கறுப்பாக ஓர் உருண்டை விழும். சுரங்கத்துப் பேய் வேறு என்ன நிறத்தில் இருக்கும்? கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். உடனே தெய்வசிகாமணி அதை மஞ்சள் தண்ணீர்ப் பானையில் தள்ளி மூடிவிடுவான். கிட்டப் போய்ப் பார்த்தவர் வீட்டுக் கோழிக்கு அது ஏறிக்கொள்ளுமாம்.

வரிசையில் நின்ற கோழிக்கெல்லாம் துப்பி முடித்தால் மௌனம் கலைந்துவிடும். அப்புறம் சித்தர் வாய் ஓயாது. உயிருக்கு உயிர், நல்ல கோழி ஒன்று காவு கொடுக்கவேண்டும் என்பார். சீக்குக் கோழியைக் காட்டேரி தொடாது. நாக்கு ருசி தெரிந்த பேய்!

பேய் எடுத்த கோழிகளில் பாதி மறுநாளே செத்தன. அதற்கும் பதில் தயாராக இருந்தது: வீட்டுக்காரிக்கு நம்பிக்கை போதவில்லை.

வீரம்மாளுக்கு நம்பிக்கை நிறையவே இருந்தது. கம்மாபுரம் பக்கம் அடுத்தவர் வயலில் நடவு நட்டுப் பிழைத்தவள் அவள். அந்த வயலும் சுரங்கத்துக்குப் போனது. வயல்காரருக்கு நஷ்டஈடு வந்தது. நட்டவளுக்கு வேலை போனது. இப்போது அவளுக்கென்று இருந்தது இரண்டே கோழி. செவலை மூச்சிரைத்துக் கிடந்தது. கருப்பி பதினோரு முட்டைமேல் அடைகாத்தது. செவலையைக் காப்பாற்றக் கருப்பியைக் கொடுக்கவேண்டும். கொடுத்தால் பதினோரு முட்டையும் கூமுட்டை. பாவி மகள் என்ன செய்வாள்? கொடுப்பதென்றே முடிவு செய்துவிட்டாள்.

முட்டை வாங்க வந்தாள் தனபாக்கியம். ஃபிட்டர் சங்கரலிங்கத்தின் மனைவி, திருநெல்வேலிக்காரி. கோழிக் கூடு இருந்த இடத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏளா வீரம்மா, புகையுற கரியடுப்புப் பக்கத்துல கூட்டை வச்சு, மேல ஈரச் சாக்கையும் போட்டு மூடியிருக்கியே! உன்னை இப்படி மூடி வச்சா நீயும் கொர் கொர்னுதான் இழுப்ப."

"சித்தர்தான் மூடச் சொன்னாருக்கா. பேய் வெளிய ஓடிடக் கூடாதாம்."

"பேய் வெளிய போணும்னுதான இவ்வளவு கூத்தும்? போகவும் கூடாதுன்னா இது என்ன நியாயம்?"

"அய்யோ, அப்பிடிப் பேசாதீங்கக்கா. சாமி குத்தம் ஆயிடப் போவுது."

"சரி தாயி, நான் பேசல. அவரு மட்டும் ஏன் பேய் எடுக்கதுக்கு முன்னால பேச மாட்டேங்காரு? எடுத்த பொறவு அம்புட்டுப் பேச்சு பேசுதாரே!"

வீரம்மாளுக்குக் கோபம்தான் வந்தது. ஈரச் சாக்கை இன்னும் இழுத்து மூடினாள்.

மறுநாள் சுரங்கத்துக் கான்ட்ராக்ட் வேலையில், கரி ஓடும் பெல்ட் ஓரம் சிந்தியதைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். கடைவாயில் வெற்றிலை. மேஸ்திரி வந்து, "சாமியம்மா எங்க?" என்று கேட்டார். வாயைத் திறந்தால் அவர் சட்டை சிவந்துவிடும். "ம்ம்" என்று கையை நீட்டிக் காட்டினாள். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அடி ஆத்தா! சித்தரும் இப்படித்தானே கை காட்டுகிறார்! அவர் வாயில் என்ன வெற்றிலை?

அடுத்த நாள் செவலையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முந்திரி மரத்தடிக்குப் போனாள். ஒரு கையில் சொம்புத் தண்ணீர். இன்னொரு கையில் தனபாக்கியத்திடம் வாங்கிய வெள்ளை எனாமல் தட்டு.

"காவுக் கோழி எங்கம்மா?" என்றான் தெய்வசிகாமணி.

"முட்டை மேல படுத்துகினு இருக்குதுங்க. பேயை எடுத்துக் காட்டுங்க, அடுத்த நிமிசம் தூக்கியாந்து தரேன்."

சித்தர் குழலை எடுத்தார். வீரம்மாள் சொம்பை நீட்டினாள்.

"சாமி, காலையிலேந்து எத்தினி சீக்குக் கோழி வாயில குழலை வச்சீங்களோ. ஒரு வாட்டி கொப்புளிச்சிட்டு இந்தத் தட்டுல துப்புங்க. அப்புறம் எடுக்கலாம்."

சித்தர் கண்ணை உருட்டினார். தெய்வசிகாமணி பாய்ந்து வந்தான்.

"சாமி மௌன விரதம்! தெரியாது உனக்கு?"

"பேசச் சொல்லலீங்களே. கொப்புளிக்கத்தானே சொன்னேன்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "கொப்புளிங்க சாமி, தண்ணிதானே!" என்றது ஒரு குரல். "அதான, எங்க கோழிக்கும் நல்லது" என்றது இன்னொன்று. முந்நூறு ஜோடிக் கண்ணும் ஒரே வாயைப் பார்த்தன. அவ்வளவு மரியாதை அந்த வாய்க்கு அதுவரை கிடைத்ததில்லை.

தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. விழுங்கிவிடுவது. சித்தர் விழுங்கினார். அது பாதியில் நின்றுகொண்டது. முகம் சிவந்தது, கண்ணில் நீர் வழிந்தது, தொண்டையிலிருந்து சத்தம் வந்தது: கொர்... கொர்...

"அடப்பாவமே! சாமிக்கே பேய் புடிச்சிடுச்சு! அந்தக் குழலை எடுங்கடா!" என்று கத்தினார் தங்கராசு. தன் கோழியைக் காவு கொடுத்தவர். கைக்கு வலு இருந்தது. சித்தரின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். தட்டில் 'டங்' என்று ஓர் உருண்டை விழுந்தது. அதன் பின்னாலேயே இரண்டு 'டங், டங்'. அடுத்து வரிசையில் நின்ற கோழிகளுக்கும் சேர்த்துக் கன்னத்தில் ஸ்டாக் வைத்திருந்தார் மகான்!

வீரம்மாள் ஒன்றை எடுத்தாள். நகத்தால் கீறினாள். உள்ளே பழுப்பாக மரத்தின் வரி தெரிந்தது. அவள் கைக்கு அது தெரியாதா?

"பேயும் இல்ல பிசாசும் இல்ல. ஷிப்டு முழுக்க நான் தலையில சொமக்கிற கரி இது!" அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "இதுக்காடா என் கருப்பியைக் கேட்ட? நல்லா இருக்கிறதே அது ஒண்ணுதான்டா எனக்கு!"

தெய்வசிகாமணி நழுவப் பார்த்தான். பிடித்துக்கொண்டார்கள். சித்தர் தங்கியிருந்த கொட்டகைக்குள் புகுந்தால், காட்டேரி தின்றுவிட்டதாகச் சொன்ன கோழிகள் கால் கட்டிக் கிடந்தன, மேல்பட்டாம்பாக்கத்துக்குக் கறிக்குப் போக. ஊரே விரட்ட, குருவும் சீடனும் வடலூர் பாதையில் ஓடிய ஓட்டத்தில் மௌனம் சுத்தமாகக் கலைந்திருந்தது.

வீரம்மாள் சாக்கை எடுத்தாள். கூட்டை அடுப்பை விட்டுத் தள்ளி, காற்றாடக் காய்ந்த மண்ணில் வைத்தாள். செவலையைக் கருப்பியிடமிருந்து பிரித்து தனிப் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடினாள். தனபாக்கியம் சொன்னபடி வெதுவெதுப்பான நீரால் கண்ணைத் துடைத்தாள். கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கொடுத்த பொடியைக் குடிதண்ணீரில் கலந்து வைத்தாள். பத்து நாளில் செவலை மேயக் கிளம்பியது. கருப்பி ஒன்பது குஞ்சு பொரித்தது.

ஊர் திருந்தியது என்று நினைக்கிறீர்களா? பதினோராம் நாள் காலை வீரம்மாள் கதவைத் திறந்தால், வாசலில் ஏழெட்டுப் பேர், கையில் கோழியோடு. ஒருத்தி தேங்காய்கூட வாங்கி வந்திருந்தாள்.

"வீரம்மா, சித்தரையே ஓட்டின கை உன்னுது. எங்க கோழிக்கு ஒரு வாட்டி ஊதி விடேன்."

வீரம்மாள் இடுப்பில் கைவைத்து அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தூக்கிகினு ஆஸ்பத்திரிக்குப் போங்கடி! கோழி கூடக் குப்பையைக் கிளறிப் பாத்துட்டுத்தான் கொத்துது. கிளறாம முழுங்கறது நீங்க மட்டும்தான்."