புளியமரத்து வளைவில் ஒரு நிமிஷம்

"தினமும் காலையில புளியமரத்து வளைவுல வண்டி ஊர்ந்து போவுது. அங்க என்ன வேலைங்க உங்களுக்கு?" என்று முதலாளி செல்போனை நீட்டினார். பஸ் எங்கே எத்தனை வேகத்தில் போகிறது என்பது அதில் கோடு கோடாகத் தெரிந்தது.

டிரைவர் சென்னப்பனுக்குத் தெரிந்தால்தானே சொல்வார், பாவம். அரூர் - தீர்த்தமலை ரோட்டில் பத்து வருஷமாக அவர் கையும் காலும்தான் வண்டி ஓட்டின. மனசு, இன்னும் கட்டாத வூட்டுக்குக் கதவு வைத்துக்கொண்டிருக்கும். இதுவரை மூன்று மாடி எழுப்பியாகிவிட்டது.

அந்த ஒரு நிமிஷத்தில் பின்னால் வரும் பஸ் முந்தி, ஆட்களை அள்ளிக்கொண்டு போகிறதாம். கிளட்சை மாற்றினார்கள். பிரேக்கைப் பிரித்துப் பூட்டினார்கள். வளைவு வந்ததும் வண்டி மறுபடி ஊர்ந்தது.

"வண்டிக்கு ஒண்ணுமில்லைங்க. இவருதான் கனா கண்டுக்கிட்டு ஓட்டறாரு" என்று கண்டக்டர் அந்தோணி பிரகாஷ் போட்டுக்கொடுத்தான்.

திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார் முதலாளி. ஐம்பத்தாறு வயசில் சென்னப்பனை யார் சேர்த்துக்கொள்வார்கள்?

கவனமாக ஓட்டத் தொடங்கினார். அதோடு போயிற்று. கியரைப் பார்த்தால் ஸ்டாப் தப்பியது, ஸ்டாப்பைப் பார்த்தால் கியர் கத்தியது. கை காட்டியவர்களை விட்டுவிட்டு, ஆளில்லாத இடத்தில் நின்று விசிலுக்குக் காத்திருந்தார்.

எப்போதும் பின்படியில் நிற்கும் பிரகாஷ், முன்னால் வந்து நின்றுகொண்டான்.

"இப்ப என்ன நெனைக்கறீங்கண்ணா?"

"ரோட்ட."

"இப்ப?"

"நீ கேக்கறத."

திங்கட்கிழமை கண் சிமிட்டாமல் வந்தார். மனசில் கதவு இல்லை, மாடி இல்லை. வளைவில் மட்டும் கால் தானாக பிரேக்கைத் தேடியது.

"கால எடுங்கண்ணா" என்றான் பிரகாஷ்.

எடுத்தார். பத்து வருஷத்தில் முதல் தடவையாக வண்டி நாற்பதில் திரும்பியது.

மரத்தின் மறைவிலிருந்து ஒரு பால்கேன் பறந்து கண்ணாடியில் மோதியது. பிரேக் கதறி பஸ் நின்றபோது ரோடெல்லாம் பால். ஓரத்தில், கை முறிந்து ஒரு பெண் கிடந்தாள். பக்கத்தில் வெள்ளைக் கம்பு.

சென்னப்பன் எட்டிப் பார்த்தார். இந்த முகத்தைப் பார்த்த ஞாபகமே இல்லை.

பிரகாஷ் ஓடிப்போய்த் தூக்கினான். "வண்டி வரப்ப எதுக்கும்மா ரோட்டுல எறங்கின?"

பால் சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்த குள்ளம்மாள், குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"பத்து வருசமா, கண்ணு தெரியாதவ தாண்டட்டும்னு இந்த எடத்துல மெதுவா வருவாருங்க டிரைவரண்ணன். அந்த நம்பிக்கையில கால வெச்சுட்டேன். இன்னைக்கு அவரு லீவுங்களா?"