சட்டைப்பையில் ஒரு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரின் உயிரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தோளில் கேஸ் சிலிண்டரைச் சுமந்து மாடி ஏறிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மலேசியாவில், ஈப்போ நகரத்தில், எங்கள் அடுக்குமாடிக்கு கேஸ் கொண்டுவரும் பாக்கெட் அண்ணே. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்க எனக்குக் கூச்சம்.

அந்த உயிர் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புத் துண்டு. எஸ்.எஸ்.டி. என்பார். பிளாஸ்டிக் பையில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருப்பார். கம்ப்யூட்டரை எழுப்பி நடத்துகிற ஆபரேட்டிங் சிஸ்டம் முதல் அவருடைய கல்யாணப் படம் வரை எல்லாம் அதற்குள் இருந்தது. யாருடைய கம்ப்யூட்டரிலாவது வயரைச் சொருகி, அது திறக்கும்போது ஒரு பொத்தானைத் தட்டினால், அந்தக் கம்ப்யூட்டர் தன் சொந்தக்காரரை மறந்து அண்ணனுடையதாக எழுந்துவரும். இதில் விசேஷம், அவரிடம் கம்ப்யூட்டரே கிடையாது.

ஒருமுறை முடிவெட்டும் கடையில், கடைக்காரர் டீ குடிக்கப் போன நேரத்தில் சொருகிவிட்டார். திரும்பி வந்தவர் அலறினார். திரையில் அவருடைய பாட்டுகளைக் காணோம். கறுப்புக் கண்ணாடி போட்ட அண்ணனின் படம்தான் இருந்தது.

“யோவ், என் பாட்டெல்லாம் எங்கய்யா?”

“பதறாத லா. உன் பாட்டு உள்ளதான் தூங்குது. நான் வெளிய பாய் விரிச்சு உக்காந்திருக்கேன். எழுந்து போயிட்டா எல்லாம் அப்படியே இருக்கும்.”

அணைத்து, வயரை உருவி, மறுபடி திறந்தார். பாட்டுகள் பத்திரமாக இருந்தன. அண்ணனின் இடப்பக்கக் கிருதா மட்டும் அன்று கொஞ்சம் அதிகமாகவே மேலே போய்விட்டது.

“சொந்தமா ஒண்ணு வாங்கலாமேண்ணே?” என்று ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன்.

“எதுக்கு மச்சான்? கோப்பெங் பக்கத்துத் தோட்டத்துல, கம்பெனி குடுத்த லயத்து வீட்டுக்குப் பின்னால எங்கப்பா சொந்தக் காசுல சமைக்கக் குசினி கட்டினாரு. தோட்டத்த வித்துட்டு எல்லாரையும் போகச் சொல்லிட்டாங்க. குசினிய மடிச்சு எடுத்துட்டு வர முடியுமா? வேண்டியது பாக்கெட்டுல இருக்கணும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆயுத பூஜை வந்தது. லோரிக்கு, டயருக்கு, ஸ்பேனருக்கு எல்லாம் சந்தனம் வைத்தவர், பாக்கெட்டில் இருந்ததை மட்டும் விடுவாரா? வைத்த இடம்தான் தப்பு. வயர் நுழையும் ஓட்டையில் தாராளமாக வைத்துவிட்டார். காய்ந்த சந்தனத்தை ஊசியால் தோண்டியதில் உள்ளே ஏதோ நெளிந்துவிட்டது. அதன்பிறகு வயரை ஒரு சாய்வில் பிடித்தால்தான் வேலை செய்யும். கொஞ்சம் அசைந்தாலும் திரை கல்லாகிவிடும்.

“வேற வாங்குங்கண்ணே.”

“பூஜ போட்டத தூக்கிப் போடுவாங்களா?”

என் மனைவி செல்வி கையுறைத் தொழிற்சாலையில் பல வருடங்கள் நின்றே வேலை பார்த்தவள். முழங்கால் இரண்டும் கெட்டுவிட்டன. ஒரு கிடங்கில் குமாஸ்தா வேலைக்கு ஆள் கேட்டார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. கோலாலம்பூரிலிருந்து கம்ப்யூட்டர் வழியாகவே தட்டச்சுச் சோதனையும் நேர்காணலும் நடத்துவார்களாம், கைப்பேசியில் செய்யக் கூடாதாம். மாதக்கணக்கில் தட்டிப் பழகினாள். சோதனை அன்று காலையில் எங்கள் பழைய மடிக்கணினி கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது.

செல்வி அழவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யாரிடமும் உதவி கேட்டுப் பழகாத நான் போனை எடுத்தேன்.

“அண்ணே... கேஸ் வேணாம்ணே...”

“வேணாம்னு சொல்றதுக்கா போன் பண்ண? என்னான்னு சொல்லு மச்சான்.”

சொன்னேன்.

“இப்பவே வாரேன் லா!”

வந்ததும் மடிக்கணினியைத் தட்டிப் பார்த்தார். “உள்ள டிஸ்க்குதான் செத்திருக்கு. உடம்பு நல்லா இருக்கு.” பாக்கெட்டிலிருந்து எடுத்துச் சொருகினார். இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். கறுப்புக் கண்ணாடிப் படம் வந்தது. ஆனால் எங்கள் மேசை ஆடும் மேசை. செல்வி நாலு எழுத்து தட்டியதும் வயர் அசைந்து எல்லாம் நின்றது.

அண்ணன் யோசிக்கவே இல்லை. மறுபடி திறந்து வைத்துவிட்டு, மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, அந்தக் கறுப்புத் துண்டையும் வயரையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நீ தட்டு தங்கச்சி. நான் மூச்சுகூட விடல.”

தட்டச்சு முடியும்வரை உண்மையாகவே அசையவில்லை. சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மூக்கில் கொசு உட்கார்ந்து, சாப்பிட்டு, எழுந்து போனது. நேர்காணல் தொடங்கியபோது பாவம், தும்மிவிட்டார்.

திரையில் இருந்த மலாய் அம்மாள் புருவத்தை உயர்த்தினார். பக்கத்தில் யார் என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். செல்வி தன் மலாயில் உள்ளதைச் சொன்னாள். கேஸ் கொண்டுவரும் அண்ணன், கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், விட்டால் நின்றுவிடும்.

பிறகு மேசைக்கு அடியிலிருந்து, “செலாமாட் பாகி, புவான்!” என்று மரியாதையாகக் காலை வணக்கம் சொல்லும் குரல் வந்தது.

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். செல்வியும் சிரித்தாள். அதன்பிறகு அவள் குரலில் நடுக்கமே இல்லை.

முடிந்ததும் நான்தான் அண்ணனை இழுத்து எடுத்தேன். விரல்கள் நண்டுபோல மடங்கியே இருந்தன.

“கெடைக்குமாண்ணே?” என்றாள் செல்வி.

“கெடைக்கும் லா. கீழ இருந்து கேட்டேன்ல? தகரத்துல மழ பேஞ்ச மாதிரி தட்டுன.” போனைப் பார்த்தார். “அலாமா! தாமான்ல பாதி வீட்டுல இன்னும் அடுப்பே எரியல!” என்று ஓடினார்.

வேலை கிடைத்தது. செல்வி இப்போது நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். அண்ணனை ஒருநாள் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை, ஆனால் வாய் வராது. அதனால் இன்று கோழி வாங்கி வந்த கையோடு கேஸுக்குச் சொல்லிவிட்டேன். போன சிலிண்டரே இன்னும் பாதி இருக்கிறது.