கரடி ரெக்கார்டு பிளேயர் வாங்கிய கதை

ஒரு காட்டில், செல்போன் டவர் சரியாகக் கிடைக்காத மேற்குப் பக்கமாக, சடையப்பன் என்றொரு கரடி குடியிருந்தான். கரடி என்றால் புற்றைத் தோண்டும், தேனடையைப் பிய்க்கும் என்றுதான் கதைகளில் வரும். இந்தக் கரடிக்கு அதற்கெல்லாம் நேரமில்லாமல் போனது எப்படி என்பதுதான் இந்தக் கதை.

சடையப்பனின் மனைவி தேனாம்பாள் ஒரு காலத்தில் பிரமாதமாகப் பாடுவாள். காட்டு வானொலிக்காரர்கள் அவள் பாட்டைப் பதிந்து ஒரே ஒரு இசைத்தட்டாகப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அப்புறம் ஒரு கோடையில் மலைத்தேனீ ஒன்று அவள் தொண்டையிலேயே கொட்டிவிட்டது. அன்றோடு பாட்டு போயிற்று; பேச்சும் கரகரவென்றுதான் வரும். தட்டு மட்டும் உறைக்குள் பத்திரமாக இருந்தது. போட்டுக் கேட்கத்தான் வீட்டில் பிளேயர் இல்லை.

“ஏங்க, இந்தக் கல்யாண நாளைக்காவது என் பாட்டை ஒரு தடவை கேக்கணுங்க. எப்படிப் பாடினேன்னே எனக்கு மறந்துபோச்சு” என்றாள் தேனாம்பாள்.

சடையப்பனுக்கு மனைவி மேல் கொள்ளைப் பிரியம். நரியின் கடைக்கு ஓடி, சூட்கேஸ் மாதிரி மூடி திறக்கும் சின்ன பிளேயர் ஒன்றை மலிவாக வாங்கி வந்தான். தேனாம்பாள் முகம் கழுவிப் பூ வைத்துக்கொண்டு, எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தட்டு சுழன்றது. முள்ளை இறக்கப் போகும் நேரத்தில் வாசலில் ஒரு குரல் கேட்டது.

“ஐயோ, நிறுத்துங்க!”

வந்தவர் நீள்செவியார். முயல், இசைத்தட்டு ரசிகர் சங்கத்தின் தலைவர். அவ்வளவு பெரிய காது உள்ளவரோடு ஒலி விஷயத்தில் யார் வாதாட முடியும்? அவர் வீட்டில் பிளேயர் கிடையாது. தம் காதுக்கேற்ற பிளேயரை உலகம் இன்னும் தயாரிக்கவில்லை என்பது அவருடைய கருத்து.

“இந்த முள்ளு தட்டை உழுது தள்ளிடும் ஐயா. இருக்கறதே ஒண்ணு. அம்மாவோட குரலை நீங்களே சுரண்டிப் போடப்போறீங்களா?”

சடையப்பன் பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டான். கல்யாண நாள் பாட்டில்லாமல் கழிந்தது.

அப்புறம் நல்ல முள் வைத்த பிளேயர் வந்தது. ஆரம்பக்காரர்களுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை என்பது நரியின் வாக்கு. நீள்செவியார் ஒரு காதைச் சாய்த்துப் பார்த்தார். முள் பரவாயில்லையாம், அதைத் தாங்குகிற கைதான் மட்டமாம். கையை மாற்றியதும் ஆம்பிளிஃபயர் அதற்கு ஈடாகவில்லை. ஆம்பிளிஃபயரை மாற்றியதும் ஸ்பீக்கர் பல்லிளித்தது. எல்லாமே கட்டுப்படியாகிற விலைதான். அதுதான் வம்பே. கட்டுப்படியாகாத விலையாக இருந்திருந்தால் சடையப்பன் முதல் நாளே பிழைத்திருப்பான்.

சோதித்துப் பார்க்க நரி ஒரு தட்டை இலவசமாகக் கொடுத்திருந்தது. அதில் ‘கூ’ என்று ஒரே சத்தம் வரும். சங்கத்தார் திரண்டு வந்து, கண்ணை மூடி அந்தக் ‘கூ’வை ரசித்து, தேனாம்பாள் போட்ட காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

“எனக்குக் ‘கூ’ வேண்டாங்க. என் பாட்டைப் போடுங்க. கீறினா கீறிட்டுப் போகுது” என்றாள் தேனாம்பாள்.

“உனக்கு அதோட அருமை தெரியலை தேனு” என்றான் சடையப்பன். அவளுடைய பாட்டின் அருமையைத்தான் அவளிடம் சொன்னான்.

எல்லாம் மாற்றிய பிறகும் முள் லேசாக ஆடியது. பிளேயருக்கு அடியில் கருங்கல் பலகை வந்தது. யானைகளைக் கெஞ்சிக் கூத்தாடி வேறு வழியாகப் போகச் சொன்னான். அப்படியும் ஆடியது. நீள்செவியார் தரையில் காதை வைத்துக் கேட்டார்.

“சமையல்கட்டுல யாரோ நடக்கறாங்க.”

தேனாம்பாள் நுனிக்காலில் நடக்கப் பழகினாள். பிறகு அம்மியில் அரைப்பது நின்றது. பிறகு ஒருநாள் சடையப்பன் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

“தேனு, அடிக்கடி தொண்டையைச் செருமறியே. அந்தக் கரகரப்பு ‘கூ’வுல கலக்குதாம். தலைவர் வருத்தப்படறார்.”

தேனாம்பாள் அவனைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு, பழகியபடியே நுனிக்காலில் நடந்து, தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். சடையப்பன் அதைக் கவனிக்கவில்லை. முள் ஆடாமல் நின்றதைத்தான் கவனித்தான்.

ஆனந்தம் தாங்காமல் நீள்செவியாரைக் கூட்டி வந்து, உறையிலிருந்து தேனாம்பாளின் தட்டை எடுத்துப் போட்டான். பாட்டு கிளம்பியது. அவள் மூச்சு இழுப்பதும், இரண்டாவது அடிக்கு முன்னால் லேசாகச் சிரிப்பதும்கூடத் துல்லியமாகக் கேட்டன.

“ஆகா! அம்மா எதிர்லயே உக்காந்து பாடற மாதிரி இருக்கே!” என்றார் நீள்செவியார்.

“கேட்டியா தேனு?” என்று சடையப்பன் எதிரே திரும்பினான். நாற்காலி காலியாக இருந்தது. சமையலறையும் காலியாக இருந்தது. சுவரில் அவளுடைய பை இல்லை. இந்தப் பாட்டை யாருக்காகப் போட நினைத்தோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

நீள்செவியார் சட்டென்று காதுகளை நிமிர்த்தினார்.

“இருங்க, இருங்க. நடுவுல ஏதோ விசும்பற மாதிரி ஒரு சத்தம் வருதே. வயரைத்தான் மாத்தணும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு சடையப்பன் நரியின் கடைக்குக் கிளம்பினான்.

நீதி: மனைவி எதிரில் உட்கார்ந்து பாடுவது போலவே கேட்க வேண்டுமானால், முதலில் எதிர் நாற்காலியைக் காலி செய்ய வேண்டும். அதற்கு மேலும் அழுகைச் சத்தம் வந்தால், நல்ல வயராக வாங்கவும்.