கறுக்காத பாட்டில்

இன்றோடு வீட்டில் தண்ணீர் கொதிக்க வைப்பதை ஒழித்துக்கட்டுவது என்று கிருமி சார் முடிவெடுத்தார். குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் பதினாறு வருஷம் குப்பை கொட்டியவருக்கு அங்கே வைத்த பெயர் அது. ஊர்த் தண்ணீருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறவர் ஆசையாக வாங்கி வைத்த வடிகட்டியைக் கட்டிய மனைவியே நம்பவில்லை என்றால் மானம் என்னாவது?

"பாப்பாவுக்கு வயித்துப்போக்கு நின்னு நாலு நாள்தான் ஆகுது. உங்க மானத்த அவ வயித்துல சோதிக்காதீங்க."

"எங்க ஆபீஸ் சோதனை பாட்டில்ல சோதிக்கிறேன், உள்ள மருந்து இருக்கு. கிருமி இருந்தா ஒரே நாள்ல கறுத்துடும். கறுக்கலன்னா?"

"கொதிக்க வைக்கிறத விட்டுடறேன். கறுத்தா, அந்த வேலை உங்களுது."

இரண்டு பாட்டில்கள் அலமாரியில் ஏறின. ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் வடிகட்டியது.

மறுநாள் காலை பார்த்தார். குழாய்த் தண்ணீர் கறுத்திருந்தது. வடிகட்டியது அதைவிடக் கறுப்பு.

மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் பையிலிருந்து புது சோதனை பாட்டிலை எடுத்தார். அவள் கொதிக்க வைத்து ஆறவிட்டிருந்த தண்ணீரை அதில் ஊற்றினார். வடிகட்டியதில் கறுத்ததைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தார். அவசரத்தில் மூடி மாட்டவில்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. மூடி மாட்டியது. கதவு திறந்தது.

அவள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"சரி, நான் தோத்துட்டேன்."

கொதித்த தண்ணீர் மொத்தத்தையும் கொட்டினாள். வடிகட்டியிலிருந்து ஒரு டம்ளர் பிடித்தாள். "பாப்பா, இனிமே அப்பா தண்ணிதான்."

டம்ளரைக் கையிலிருந்து விடாமல் மெதுவாகக் குழந்தையின் வாய்ப்பக்கம் கொண்டுபோனாள். கிருமி சாருக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்து பிடுங்கினார்.

"தூசி, டம்ளர்ல தூசி. ரெண்டு பேரும் வாசல்ல உக்காருங்க. நானே கொண்டாறேன்."

"அவ்வளவு அக்கறையா? சரி."

அவர்கள் போனதும் சத்தமில்லாமல் அடுப்பைப் பற்றவைத்து, பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார். நிமிஷம் யுகமாக நகர்ந்தது. ஒருவழியாக முதல் குமிழி கிளம்பியது. அப்பாடா என்று அடுப்பை அணைக்கப் போனார்.

வாசலிலிருந்து குரல் வந்தது.

"உடனே அணைச்சிடாதீங்க, நீங்க பாட்டில்ல ஊத்துன தண்ணிய நான் அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டேன், நாளையிலேருந்து நீங்களும் அப்படியே விடுங்க."