மெலிந்த கோப்பும் மாடித் துண்டுகளும்

வாழ்நாளில் நான் எடை குறைத்தது ஒன்றே ஒன்றைத்தான்: ஒரு கணினிக் கோப்பை. அதில்தான் மானமும் போனது.

ஐம்பது வயதில் பைத்தான் என்னும் கணினி மொழியைக் கற்றுக்கொண்டவன் சும்மா இருக்கமாட்டான். (இருந்தால் குடும்பத்துக்கு நல்லது.) குற்றாலத்தில் லாட்ஜ் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் என் மைத்துனன் சங்கரனுக்கு ஒரு சிக்கல். "சாரல் முடிஞ்சா ரூமெல்லாம் காத்தாடத்தானே செய்யுது" என்று, கட்டடத்தின் உரிமையாளரான தென்காசி அண்ணாச்சி குத்தகையை நீட்டிக்க மறுத்துவிட்டார்.

அப்படியில்லை என்று அவருக்குக் காட்ட, நாள்தோறும் நிரம்பிய அறைகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, விரல் வைத்தால் எண்ணிக்கை சொல்லும் வலைப்பக்கமாகச் சேமிக்க ஸ்கிரிப்ட் எழுதினேன். கோப்பு மூன்று எம்பிக்கு மேல் ஊதியிருந்தது. பொறுக்கவில்லை. ஒரு வரியை மாற்றினேன், சில கேபிதான். (படம் வரையும் நிரலை உள்ளே வைக்காமல், திறக்கும்போது இணையத்திலிருந்து எடுத்துக்கொள் என்று சொல்லும் வரி அது. அதன் பொருள் அப்போது எனக்கு உறைக்கவில்லை.) மேலகரத்தில் என் வீட்டில் படம் ஜோராகத் திறந்தது.

லாட்ஜில், ஐப்பசி மழையில், சங்கரனின் மடிக்கணினியில் பென்டிரைவைச் செருகித் திறந்தேன்; அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வெள்ளைப் பக்கம்.

"படம் எங்கன இருக்கு தம்பி?"

"இங்கனதான் அண்ணாச்சி."

திரையின் வெளிச்சத்தைக் கூட்டினேன். இன்னும் வெள்ளையானது. சங்கரன் ஜன்னலைச் சாத்தினான். பென்டிரைவைப் பிடுங்கி ஊதிச் செருகினேன். மேலகரத்தில் ஏறிய படம் வழியில் எங்கே இறங்கியது?

"அத்தான், இங்க நெட்டே கிடையாதே" என்றான் சங்கரன். அப்போதுதான் அந்த ஒரு வரி நெஞ்சில் குத்தியது. "மாடியில போனுக்குக் கொஞ்சம் சிக்னல் வரும்."

மூவரும் ஏறினோம். குடையை மடிக்கணினிக்குப் பிடித்தேன். அண்ணாச்சி நனைந்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, அவர் தகர ஷெட்டுக்குள் ஒதுங்கினார். அங்கே கொடி கொடியாகத் துண்டுகள்.

"ஏலே சங்கரா, இதெல்லாம் யாரு துண்டு?"

"தங்கியிருக்க ஆளுகதான் அண்ணாச்சி. காலைல குளிச்சிட்டு வந்து காயப்போட்டது."

"செவ்வாக்கிழமைல, இந்த மழைலயா?" ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். "பொறவு படம் என்னத்துக்குலே? நடத்து, நடத்து."

"வந்துட்டு அண்ணாச்சி!" என்று நான் கத்தியபோது, அவர் பாதிப் படி இறங்கியிருந்தார்.

இன்றும் சங்கரன் மாதம் தவறாமல் அந்தக் கொடியைப் போட்டோ எடுத்து, "அத்தான், ரிப்போர்ட்" என்று அனுப்புகிறான்.

அன்று ஈரத்தோடு வீடு திரும்பி, மூன்று எம்பியைக் குறைத்த கதையைச் சொன்னேன். என் மனைவி தலை துவட்டத் துண்டை நீட்டினாள்.

"வயித்தக் குறைங்கன்னு டாக்டர் சொன்னா, ஃபைலக் குறைச்சிட்டு வந்து நிக்கிய."