விண்ணப்பப் படிவத்தை ஆடு தின்ற விவரம்

ஆர்.எஸ்.புரம், கோவை
18.7.1996

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை பாலகோபால் அவர்களுக்கு,

உங்கள் அக்காவைக் கட்டிய ரங்கராஜ் எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் அக்கா பங்காரம்மா, மகள் பூஜிதா மூவரும் சுகம். ஈரோட்டில் தங்கள் குடும்பமும் ஜவுளி வியாபாரமும் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும்.

பூஜிதாவுக்காகத் தாங்கள் சிபாரிசு பிடித்து அனுப்பிய, நூல் மில் சட்ட அதிகாரி வேலைக்கான படிவம் கிடைத்தது. மாதம் நாலாயிரம், பி.எஃப்., தீபாவளி போனஸ் என்று படித்ததும் உங்கள் அக்கா அதற்குக் குங்குமம் இட்டுச் சாமி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அந்தப் படிவத்தை ஆடு தின்றுவிட்டது. ஆர்.எஸ்.புரத்தில் ஆடு ஏது என்று கேட்பீர்கள். அதைத்தான் விவரமாக எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடம் மில்லில் டைம் கீப்பராக இருந்தவன் நான். சங்கு ஊதிப் பத்து நிமிடம் கழித்து வந்தவனுக்கு அரை நாள் சம்பளத்தை வெட்டியவன். என் மகள் காலை எட்டு மணிக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்புகிறாள், வெட்டுவதற்குக்கூடச் சம்பளம் இல்லை. சட்டம் படித்து முடித்தவர்களுக்கு அரசு உதவி வழக்கறிஞரிடம் ஓராண்டுப் பயிற்சியாம். வந்த உத்தரவில் மற்றதெல்லாம் மங்கலாக இருக்க, "எவ்வித ஊதியமோ படியோ வழங்கப்படமாட்டாது" என்ற வரி மட்டும் பளிச்சென்று இருந்தது, போதாததற்கு அடிக்கோடு வேறு. உட்கார இடமில்லை என்று நம் வீட்டு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். இப்போது அதில் ஒரு ஏட்டு உட்கார்ந்திருக்கிறார், இவள் நிற்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் "பாப்பா என்னங்க பண்றா?" என்று கேட்டால் "கவர்மெண்டுலீங்க" என்கிறேன். "சம்பளம்?" என்று அடுத்த கேள்வி வருவதற்குள் காபி கொண்டுவர உள்ளே போய்விடுகிறேன். இந்த ஆறு மாதத்தில் நம் வீட்டில் காபித்தூள் செலவு இரண்டு பங்கு.

இது போதாதென்று போன வாரம் சாட்சியைக் கூட்டி வந்தாள். மதுக்கரைப் பக்கத்துச் சென்னியம்மாள், தனிக்கட்டை, அறுபது வயதிருக்கும். அந்தம்மாளின் ஆறு ஆடுகளை உள்ளூர்க்காரன் ஒருவன் டெம்போவில் ஏற்றிப் போனதைக் கண்ணால் பார்த்தவர். கூடப் பார்த்த இரண்டு பேர் கூண்டில் ஏறி "நாங்க ஒண்ணும் பாக்கலீங்க" என்று சொல்லி இறங்கிவிட்டார்கள். பாக்கி இருப்பது இந்தம்மாள் ஒருத்தர்தான், இவரும் பின்வாங்கினால் கேஸ் போச்சு. அரசு உதவி வழக்கறிஞர் அனுமதித்து, பூஜிதா முதன்முதலாக எழுந்து கேள்வி கேட்கப் போகிற சாட்சி இவர். சாட்சி சொன்னால் மிச்சமிருக்கும் இரண்டு ஆடும் போய்விடும் என்று மிரட்டல் வந்திருக்கிறது. "நா கோர்ட்டுக்கு வந்துட்டா இதுகள ஆருங்க பாக்கறது?" என்று கேட்டிருக்கிறார். "அதுகளையும் கூட்டிட்டு வாங்க, எங்க ஊட்ல இருக்கலாம்" என்று சட்டம் படித்த நம் பெண் சொல்லியிருக்கிறாள். உங்கள் அக்காவின் மல்லிகைச் செடி முதல் நாளே முடிந்தது. இரண்டாம் நாள் எதிர்வீட்டு டாக்டரின் குரோட்டன்ஸ். டாக்டர் இப்போது என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வதில்லை.

கேஸ் அன்று நானும் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். சென்னியம்மாள் கூண்டில் ஏறினார், பூஜிதா எழுந்து கேள்வி கேட்டாள். அவள் கேட்டு முடித்ததும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"ராத்திரி எங்கம்மா தங்குனீங்க?"

"இந்த அம்மணி ஊட்லதானுங்க. அந்தா, அய்யன் பின்னால ஒக்காந்திருக்காரு. தோசை அவருதான் போட்டாருங்க."

கோர்ட்டே திரும்பி என்னைப் பார்த்தது.

"என்ன சொல்லோணும்னு சொல்லிக் குடுத்தாங்களா?"

"ஆமாங்க, சொல்லிக் குடுத்தாங்க."

பூஜிதாவின் முகம் வெளுத்துவிட்டது. வக்கீலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என்ன சொல்லிக் குடுத்தாங்க? தைரியமாச் சொல்லுங்க."

"பாத்தத மட்டும் சொல்லுங்க, பாக்காதத ஆரு கேட்டாலும் சொல்லாதீங்கன்னாங்க. அய்யன்கூடச் சட்னிக்கு உப்புப் பத்தலைன்னு நா சொன்னப்ப கோவிச்சுக்கலீங்க."

மாஜிஸ்திரேட் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நேற்றுத் தீர்ப்பு வந்தது, ஆடு திருடியவனுக்கு ஆறு மாதம். நம் பெண்ணுக்கும் பாக்கி ஆறு மாதம்தான், ஆனால் ஜெயிலில் சாப்பாடாவது போடுகிறார்கள்.

கோர்ட் முடிந்த அன்று சாயங்காலமே சென்னியம்மாள் புறப்பட்டார். வாசலில் நின்று, "ஏனுங்க, பாப்பாளுக்குச் சம்பளம் எவ்வளவுங்க?" என்று கேட்டார். என் கையில் ஓர் ஆட்டின் கயிறு இருந்ததால் காபிக்கு ஓட முடியவில்லை. "ஒண்ணுமில்லீங்க" என்றேன். "அடக் கருமமே! அப்பறம் எப்படிங்க கட்டிக் குடுப்பீங்க?" என்று எனக்காக வருத்தப்பட்டார். அந்த நேரத்தில்தான் மற்ற ஆடு வீட்டுக்குள் புகுந்து படிவத்தைத் தின்றது. ஐந்தடி உயரத் தட்டு அதற்கு எப்படி எட்டியது என்று உங்கள் அக்கா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆகையால் மாப்பிள்ளை, கடைசித் தேதி 31. மறு தபாலில் வேறொரு படிவம் அனுப்பிவைக்கவும். ஒரே பெண், அவள் வாழ்க்கை தங்கள் கையில் இருக்கிறது. அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு உங்கள் அக்காவின் ஆசியும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ரங்கராஜ்

பின்குறிப்பு: இதுவரை எழுதியதை உங்கள் அக்கா இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். இதைத் தபாலாபீஸில் நின்று எழுதுகிறேன். ஆட்டின் மேல் தப்பில்லை. படிவத்தை எடுத்து நான்தான் ஊட்டினேன், கையெழுத்துப் போடும் பக்கத்தை முதலில். அன்றைக்குக் கூண்டிலிருந்து இறங்கிய சென்னியம்மாள் நேராகப் போய்ப் பூஜிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், மாப்பிள்ளை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. வேறு படிவம் அனுப்ப வேண்டாம். இப்போது வீட்டில் ஆடும் இல்லை, அனுப்பினால் நான்தான் தின்ன வேண்டும்.