நூற்றுப் பதினேழு மைக்கீறல்கள்

பிர்னோ, 9 அக்டோபர் 1934

அன்புள்ள மைத்துனன் ஹினெக்குக்கு, அத்தான் வாவ்ரினெட்ஸ் எழுதுவது. நானும் உன் அக்கா லுட்மிலாவும் சுகம். மலைக்காற்றில் உன் இருமல் தணிந்து, கைக்குட்டையில் ரத்தம் வருவது நின்றிருக்கும் என்று நம்புகிறோம்.

நிற்க. நாலு தந்தி வாத்தியங்களுக்கு நீ எழுதிய புது நால்வர் இசை போன வியாழக்கிழமை அரங்கேறியது. அமோகமான கைதட்டல். அதுதான் கோளாறு. உனக்கு இதுவரை யார் கைதட்டியிருக்கிறார்கள்? போன தடவை பாதியிலேயே மேல்கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார்களே. ஒத்திகையிலேயே முதல் வயலின் செலஸ்டின், "என்ன சார், உங்க மச்சினன் திருந்திட்டாரா? காதுக்கு சுகமா இருக்கே" என்றார். நானும் பல்லை இளித்துக்கொண்டு, "காய்ச்சல்ல பக்குவப்பட்டுட்டான்" என்றேன். கச்சேரிக்கு மறுநாள் நர்ஸ் கையெழுத்தில் உன் கடிதம் வருகிறது: கடைசிப் பகுதியின் கால் சுரங்கள், அரைச் சுரத்தில் பாதியாக நீ குறுக்குக்கோடு போட்டுக் காட்டியவை, நூற்றுப் பதினேழும் ஒழுங்காக ஒலித்தனவா என்று. முப்பது வருஷம் ரயில்வே கால அட்டவணையில் மைக்கீறல்களை நீக்கியே பென்ஷன் வாங்கியவன் நான். உன் கையெழுத்துப் பிரதியில் அந்தக் கோடுகளைப் பார்த்ததும், பாவம், படுத்துக்கொண்டே எழுதியிருக்கிறான், கை நடுங்கியிருக்கிறது என்று கண் கலங்கி, நாலு பேருக்கும் பிரதி எடுக்கும்போது ஒன்றுவிடாமல் நீக்கிவிட்டேன். லுட்மிலா அப்பவே, "ஒரு வார்த்தை கேட்டு எழுதினா குறைஞ்சா போயிடுவீங்க?"ன்னு கேட்டா. நோயாளியை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நான்தான் சொன்னேன். டாக்டர் உன்கிட்டேருந்து பேனாவைப் பிடுங்கிட்டார், இதுதான் உன்னோட கடைசின்னு எனக்கும் தெரியும். அதைப் போய்க் கெடுத்துட்டேன். வெட்கமா இருக்கு மாப்பிள்ளை.

ஆனா நீ கவலைப்படாதே. உன் கையெழுத்துப் பிரதி சமையலறை அலமாரியில பத்திரமா இருக்கு. அதைப் பார்த்து எல்லாக் கோட்டையும் திரும்பப் போட்டுடறேன். மறுபடி வாசிக்க செலஸ்டின் சம்மதிச்சாச்சு. அக்கா அனுப்பின பிளம் ஜாம் தினம் ரெண்டு கரண்டி சாப்பிடு.

தேவமாதா உன் நெஞ்சைக் காக்கட்டும்.

உன் அத்தான்,
வாவ்ரினெட்ஸ்

பி.கு.: அலமாரி காலி. பிரதி எடுத்து முடிந்த தாள்தானே என்று லுட்மிலா வட்டம் வட்டமாக வெட்டி, பூஞ்சை பிடிக்காமலிருக்க ரம்மில் நனைத்து, ஜாம் ஜாடிகளின் வாயில் கட்டிவிட்டாள். "வேண்டாத காகிதம்னு நீங்கதானே சொன்னீங்க" என்று அழுகிறாள். இங்கே பதினோரு ஜாடி, முதல் மூன்று பகுதிகள். கடைசிப் பகுதி உனக்கு அனுப்பிய நாலு ஜாடிகளின் மேல் இருக்கிறது. தூக்கி எறிந்துவிடாதே. மை ஊறிப் போயிருக்கும். எது உன் கோடு, எது கறை என்று உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் அங்கே வந்து சேருகிற வரைக்கும் நீ இருக்கணும், மாப்பிள்ளை.